பால் மறக்கும் வரை

1943 ஜூன் 6, ஞாயிறு

நோட்டுப் புத்தகம் கேட்டு எழுதிப்போட்டு எத்தனையோ நாளாகிறது. இன்றுதான் கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஜெயில் முத்திரை. கிழித்தால் கேட்பார்களாம். கல்லூரியில் நோட்டு நோட்டாக எழுதித் தள்ளியவள் நான். இந்த நீல முத்திரையைப் பார்த்ததும் ஒரு வரி ஓடவில்லை.

கோமதி தூங்கிவிட்டாள். லாந்தர் வெளிச்சம் அவள் முகத்தில் விழாமல் திருப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் பாளையங்கோட்டை வீட்டில் போலீஸ் நுழைந்தபோது இவள் நாலு மாதக் குழந்தை. தொட்டிலுக்குக் கீழே, பழைய புடவையால் மூடி, துண்டுப் பிரசுரம் அடிக்கிற சைக்ளோஸ்டைல் மெஷினை வைத்திருந்தோம். தொட்டிலைத் தொட மாட்டார்கள் என்று நினைத்தோம். தொட்டார்கள். அவரை எங்கோ வடக்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். என்னையும் குழந்தையையும் இந்த வெயில் ஊருக்கு. நாங்கள் பாதுகாப்புக் கைதிகளாம். விசாரணை இல்லை, தண்டனை இல்லை. ஆகவே தண்டனை முடிகிற நாளும் இல்லை. "மறு உத்தரவு வரும் வரை."

அறையில் எங்களோடு லூர்து அக்கா இருக்கிறார். தூத்துக்குடியில் பள்ளிக்கூட டீச்சர். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு காது உடைந்து நூல் கட்டியிருக்கிறார். "நூல் நூற்றுச் சுயராஜ்யம் வருதோ இல்லையோ, எனக்குக் கண்ணாடி நிக்குது" என்பார்.

இன்று துணி துவைத்தேன். தண்ணீர் சேறாக வந்தது.

ஜூன் 8

கோமதிக்கு ஐந்தாவது பல். அவருக்கு எழுத வேண்டும்.

ஜூன் 15

ஜெயிலர் கூப்பிட்டனுப்பினார். மாமனார் மனுப் போட்டிருக்கிறாராம், பேத்தியைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று. மாமா ரிட்டையர்டு தாசில்தார். ராவ் சாகிப் பட்டம். எங்களைக் கைது செய்த அன்று ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பார்க்காதவர்.

ஜெயிலர் கெட்ட மனிதர் இல்லை. விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"பால்குடிக் கொழந்தைன்னாத்தான் உள்ள வெச்சுக்கலாம்மா. பால் மறந்துட்டா சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைச்சிடணும். டாக்டரம்மா மாசாமாசம் பார்த்து எழுதுவாங்க. இன்னும் பால் குடிக்குதுல்ல?"

"குடிக்குது."

"சோறு?"

"தொடவே மாட்டா."

தலையை ஆட்டினார். பிறகு, நான் கிளம்பும்போது, எப்போதும் சொல்வதைச் சொன்னார். "ஒரு கையெழுத்தும்மா. இனிமே சர்க்காருக்கு விரோதமா எதிலும் சேர மாட்டேன்னு. ரெண்டு பேரும் ராத்திரி ரயில்ல ஊருக்குப் போயிடலாம்."

நானும் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

திரும்பி வந்து கோமதிக்குக் கஞ்சி ஊட்டினேன். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஜூன் 16

பால் கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. இந்த வெயிலில் யாருக்குத்தான் குறையாது?

மாமா வீட்டுக் கூடத்தில் இங்கிலாந்து ராஜா படம் மாட்டியிருக்கும். தினமும் அதைத் துடைத்துப் பொட்டு வைப்பதற்கென்றே ஒரு ஆள். அந்தப் படத்துக்குக் கீழே என் பெண் வளர்ந்தால், அப்பா அம்மா ஏதோ குற்றம் செய்தவர்கள் என்றுதான் நினைப்பாள். அதற்காகத்தான் விடமாட்டேன் என்கிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

ஜூன் 17

லூர்து அக்காவிடம் சொன்னேன். "பால்சுறாக் கருவாடு தின்னுட்டி. எங்க ஊர்ல பெத்தவளுக்கெல்லாம் அதான். ஊத்தாப் பெருகும்."

"அக்கா, நாங்க சைவம்."

"ஜெயிலுக்கு வந்த பெறகு என்னட்டி சைவம்? இந்தச் சோத்துல கெடக்குத புழுவ என்னன்னு நெனைச்சே?"

ஜூன் 25

தண்டனைக் கைதிகள் கொட்டடியில் பச்சையம்மா என்று ஒருத்தி. ஆயுள் தண்டனை. புருஷனைக் கொன்றவள். பயந்துகொண்டுதான் இருந்தேன் முதலில். எங்கள் பக்கம் பெருக்க வருவாள். பெருக்குகிறபோதே கோமதியிடம் பேசிக்கொண்டிருப்பாள். கோமதியும் அவளைக் கண்டால் கையைத் தூக்கிவிடுகிறாள்.

இன்று முந்தானையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். சுட்ட கருவாடு. எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன். பச்சையம்மா எதிரே குந்தி, குழந்தைக்கு மருந்து கொடுக்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். "முள்ளு பாத்து துன்னும்மா. படிச்சவங்களுக்கு முள்ளு எடுக்க வராது."

பிறகு மூன்று தடவை வாய் கொப்பளித்தேன். மாமா வீட்டு நினைவு வந்து சிரித்தேன்.

ஜூலை 3

டாக்டரம்மா வந்தார். நரைத்த தலை, ஆண்பிள்ளைச் செருப்பு. எதிரே பால் கொடுக்கச் சொன்னார். கோமதி குடித்தாள், அல்லது வாய் வைத்துக்கொண்டிருந்தாள். "பால்குடி" என்று எழுதிவிட்டுப் போனார். கருவாடு வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 20

அவரிடமிருந்து கடிதம். பாதிக்கு மேல் சென்சார் மை பூசியிருக்கிறார். மிஞ்சினது இது: "எனக்காக நீயும் குழந்தையும் இந்தக் கஷ்டம் படுகிறீர்கள். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை."

எனக்காக, எனக்காக. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். போலீஸ், மாமா, இப்போது இவரும். அந்த மெஷினின் கைப்பிடியைச் சுற்றியது யார்? அவருக்குத் தோள் வலி வந்துவிடும். ஸ்டென்ஸில் வெட்டியது, சுற்றியது, காயப்போட்டது எல்லாம் நான். இடது கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வலது கையால் சுற்றுவேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனால் அந்த ராத்திரிகளை எல்லாம் பொய் என்று சொன்னதாகும். அது என்னால் ஆகாது.

இதைப் பதில் கடிதத்தில் எழுத முடியாது. "நலம்" என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 2

டாக்டரம்மா வருகிற நாள். காலையிலிருந்து கோமதிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பசி இருந்தால்தானே குடிப்பாள். பதினொரு மணிக்கு அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மா வந்தபோது இரண்டு மணி. மடியில் போட்டதும் பாய்ந்தாள்.

"பால்குடி" என்று எழுதினார். ஏதோ கேட்க வந்தவர் மாதிரி நின்றுவிட்டுப் போனார்.

அவர் போனதும் கஞ்சி கொடுத்தேன். ஒரு கிண்ணம் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நக்கினாள். நல்ல பசி. பசிப்பது நல்லதுதான்.

ஆகஸ்ட் 21

நடக்க ஆரம்பித்துவிட்டாள்! முதலில் சுவரைப் பிடித்து, பிறகு லூர்து அக்காவின் புடவையைப் பிடித்து, இன்று எதையும் பிடிக்காமல். நடந்து எங்கே போனாள்? நேரே தண்டனைக் கைதிகள் பக்கம். அவர்கள் களி உருண்டை வாங்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மா தன் களியில் கிள்ளி ஊட்டிக்கொண்டிருந்தாள். கோமதி வாயைத் திறந்து திறந்து காட்டுகிறாள், குருவிக் குஞ்சு மாதிரி.

ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வாயில் இருந்ததை விரலை விட்டு எடுத்தேன்.

"அவளுக்கு ஒண்ணும் கொடுக்காதே பச்சையம்மா. யாராவது பார்த்துட்டா?"

"பாத்தா இன்னா?"

"சோறு தின்னுதுன்னு எழுதிப்புடுவாங்க. கொண்டுபோயிடுவாங்க."

அவள் என்னைப் பார்த்தாள்.  மீதிக் களியைத் தின்றாள்.

ஆகஸ்ட் 29

கோமதிக்குப் புதிதாக ஒரு சொல் வந்திருக்கிறது. "களி." இரண்டு நாளாக அந்தச் சொல்லை மறக்கடிக்கப் பார்க்கிறேன். நிலா காட்டுகிறேன், காக்கை காட்டுகிறேன். காக்கையைப் பார்த்தும் "களி" என்கிறாள்.

செப்டம்பர் 4

டாக்டரம்மா. இன்றும் காலையிலிருந்து கொடுக்கவில்லை. கோமதி இரண்டு தரம் வாய் வைத்தாள். ஒன்றும் வராமல் கடித்தாள். ரத்தம். நான் முகத்தைச் சுளிக்கவில்லை.

இந்தத் தடவை மறுபடி தராசு கொண்டு வந்திருந்தார். ஜூலையில் இருந்ததைவிட எடை குறைவு. "வளர்ற குழந்தை ஏன் குறையுது?" என்றார்.

"பல் வருது டாக்டர். பல் வந்தா இளைக்கும்."

"படிச்சிருக்கீங்க இல்லையா?"

"பி.ஏ."

"ம்." எழுதினார். பால்குடி என்றுதான் எழுதினார். பேனாவை மூட வெகுநேரம் ஆயிற்று.

செப்டம்பர் 5

பச்சையம்மா பெருக்க வந்தவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பெருக்காமல் நின்றாள்.

"இன்னாம்மா, நேத்து கொயந்தைய பட்டினி போட்டியா?"

"மெதுவாப் பேசு."

"எங்க கொட்டடி வரைக்கும் கேட்டுது அயுகை. போன மாசமும் கேட்டுது. டாக்டரம்மா வர அன்னிக்குன்னு பாத்து அயுவுது. நா என் புருசன் தலைல கல்லப் போட்டவ. ஏன் போட்டேன்னு உனக்குத் தெரியுமா? கூலி சோத்தப் பூரா தானே துன்னுட்டு என் புள்ளைங்கள பட்டினி போட்டான். கடசில பாத்தா நீயும் போட்ற."

லூர்து அக்கா எழுந்து வந்து, "போதும் பச்சை, போ" என்றார். போய்விட்டாள்.

கொலைகாரி. அவளுக்கு என்ன தெரியும். அரசியல் என்றால் என்னவென்று தெரியுமா? நான் எதற்காக இதையெல்லாம் செய்கிறேன் என்று தெரியுமா?

லூர்து அக்கா அவளை அதட்டினாரே தவிர, அவள் சொன்னது தப்பு என்று என்னிடம் சொல்லவில்லை. இருட்டும் வரை எதிர்பார்த்தேன்.

செப்டம்பர் 6

துணி துவைத்தேன்.

செப்டம்பர் 23

எழுதாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் மணி அடித்ததும் எங்களை எண்ணுவார்கள். தண்டனைக் கைதிகள் முற்றத்தில் இரண்டிரண்டு பேராகக் குந்த வேண்டும். மேட்ரன் எஸ்தரம்மா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போவார். அரசியல் கைதிகள் குந்துவதில்லை. வந்த புதிதில் அதற்காக ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தோம். நின்றுகொண்டுதான் எண்ணப்படுவோம் என்ற உரிமையை வாங்கினோம். கோமதிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அந்தப் பட்டினி கிடந்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

குழந்தை எண்ணிக்கையில் கிடையாது. இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பேன். எஸ்தரம்மா என் தலையைத் தொட்டுவிட்டு அவளைத் தாண்டிப் போவார்.

இன்று மணி அடித்ததும் கோமதி என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். தடதடவென்று ஓடினாள். தண்டனைக் கைதிகள் வரிசையில், பச்சையம்மாவின் பக்கத்தில் போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு அச்சாக அவர்களைப் போலவே குந்தினாள். தலையைக் குனிந்து வைத்துக்கொண்டாள்.

எஸ்தரம்மா அவளைத் தாண்டிப் போனார். கோமதி எழுந்திருக்கவில்லை. எல்லோரும் எழுந்து கலைந்த பிறகும் தலையைக் குனிந்தபடி குந்தியே இருந்தாள். நான் தூக்கப் போனால் கத்துகிறாள். எஸ்தரம்மா திரும்பி வந்து தலையில் ஒரு விரலை வைத்து, "சரிடி கண்ணு, நீ ஒண்ணு" என்றார். உடனே எழுந்தாள். கை கொட்டினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மா சிரிக்கவில்லை.

லூர்து அக்கா கேட்டார், "எத்தனை நாளா இப்படி?" ஒரு வாரமாகவே, பகலில் தண்டனைக் கைதிகளை எண்ணுகிற நேரத்தில், என் பார்வையில் படாமல் நடந்திருக்கிறது போல. எஸ்தரம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 4

டாக்டரம்மா வருகிற நாள். காலையில் கோமதியைத் தூக்கிக்கொண்டு தண்டனைக் கைதிகள் பக்கம் போனேன். பச்சையம்மா களி வாங்கிக்கொண்டு வந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"கொடு" என்றேன்.

அவள் உருட்டிக் கொடுத்தாள். கோமதி இரண்டு உருண்டை தின்றாள். ஏப்பம் விட்டாள். பச்சையம்மா கீரைக்குழம்பைத் தொட்டு மூன்றாவது உருண்டையை என்னிடம் நீட்டினாள். தின்றேன். 

மத்தியானம் டாக்டரம்மா வந்து மடியில் போடச் சொன்னார். கோமதி வயிறு நிறைந்து என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பால் நின்னு போச்சு டாக்டர்."

"எப்போதிலிருந்து?"

 இந்த நோட்டின் முதல் பக்கத்தை எழுதியபோதே நின்றுபோயிருந்தது.

டாக்டரம்மா கதவைப் பார்த்தார். வெளியே யாருமில்லை. குரலைத் தாழ்த்தினார். "நான் எழுதிடறேன்மா. இன்னும் மூணு நாலு மாசம் தாராளமா எழுதலாம். ஒண்ணரை வயசுக் கொழந்தை பால் குடிக்குதுன்னா யாரும் கேட்க மாட்டாங்க. ராத்திரி நீங்க சோறு கொடுத்துக்குங்க. எனக்கென்ன?"

இரண்டு மாதம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"வேண்டாம் டாக்டர். மறந்துட்டான்னு எழுதுங்க. மணி அடிச்சா குந்துதா."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் எழுதினார்.

அக்டோபர் 5

கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று லூர்து அக்காவிடம் கேட்டேன். "போடுதேன்னா போடு. நான் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, "உனக்காகப் போடு. பிள்ளை பேரச் சொல்லிப் போடாதே. பெறகு அதுமேலே கோவம் வரும்" என்றார்.

போடப்போவதில்லை.

அக்டோபர் 16, சனி

மாமா வந்தார். கோட்டு, தலைப்பாகை, கைத்தடி. இரண்டு நாள் ரயிலில் வந்த கசங்கல். ஆபீஸ் அறையில் ஜெயிலர் நாற்காலி போட்டார். நான் வந்ததும் மாமா எழுந்து நின்றுவிட்டார். என் முன்னால் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"என்னம்மா, எலும்பால்ல இருக்கே."

"இங்க எல்லாரும் அப்படித்தான் மாமா."

கோமதி என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாமா கைத்தடியின் வெள்ளிப் பூணைக் காட்டினார். திரும்பிப் பார்த்தாள்.

"பாலெல்லாம் மறந்துட்டாளா?"

"மறந்துட்டா."

"என்ன சாப்பிடுதா?"

"களி."

"களியா?"

"ராகிக் களி. கீரை தொட்டுக் கொடுத்தா ரெண்டு உருண்டை."

மாமா ஜெயிலரைப் பார்த்தார், அவர்தான் ஏதோ தப்புச் செய்ததுபோல. "வீட்ல நெய்யும் பருப்புமா இருக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "சரி, களி கிண்டச் சொல்லுதேன்."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "கூடத்துல ராஜா படம் இருக்கா மாமா?"

"இருக்கு."

"இவ கேட்டா?"

"ராஜான்னு சொல்லுவேன். அதுதானே நெசம்." கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "பக்கத்துல உங்க கலியாணப் போட்டோவ மாட்டியிருக்கேன். அதையும் கேப்பா. அதையும் சொல்லுவேன். என்ன சொல்லணும்னு நீ சொல்லு, அப்படியே சொல்லுதேன்."

என்ன சொல்ல? நாலு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பிரசங்கம் ஒன்று இருந்தது. அதில் ஒரு வரிகூட வரவில்லை.

"அம்மாதான் மெஷின் சுத்தினான்னு சொல்லுங்க."

மாமா முழித்தார். அவருக்கு அது தெரியாது. "நீயா?"

"ஆமா."

ஜெயிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது காவல் மாற்றுகிற மணி அடித்தது. கோமதி என் கையிலிருந்து வழுக்கினாள். ஆபீஸ் தரையில், மாமாவின் பூட்ஸுக்கு முன்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தித் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னம்மா செய்யுதா இவ?"

"தலையைத் தொடுங்க மாமா. தொட்டு 'ஒண்ணு'ன்னு சொல்லுங்க. எண்ணினாத்தான் எந்திரிப்பா."

அவர் நின்றபடியே என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தாசில்தாராக இருந்தபோது இந்த மாதிரி வரிசைகளை அவர் பார்த்திருக்க மாட்டாரா? பார்த்திருப்பார். முதுகு வளைய நேரமாயிற்று. கையை அவள் தலையில் வைத்தார்.

"ஒண்ணு" என்றார்.

கோமதி எழுந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே வெளியே போனாள். இரும்புக் கதவு வரை திரும்பிப் பார்க்கவில்லை. நல்லதுதான்.

சாயங்காலம் மணி அடித்தது. நின்றேன். எஸ்தரம்மா எண்ணிக்கொண்டு வந்தார். பச்சையம்மாவின் பக்கத்தில் ஒரு குழந்தை குந்துகிற அளவு இடம் விட்டிருந்தது. எஸ்தரம்மா அங்கே ஒரு கணம் நின்று, பிறகு தாண்டிப் போனார். கதவருகே போய், "கணக்கு சரி" என்று குரல் கொடுத்தார்.

சரியாகத்தான் இருந்தது. கோமதி எந்த நாளும் அதில் இல்லையே.

அக்டோபர் 17

கொடியில் ஒரு புடவை மட்டும்.

அக்டோபர் 30

பச்சையம்மா இன்று பெருக்கி முடித்துவிட்டுப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஊர்ல களி கிண்டத் தெரியுமா அவுங்களுக்கு? கட்டி தட்டிடப் போவுது" என்றாள். மாமா வீட்டுச் சமையல்காரர் அல்வா கிண்டுகிறவர், களியும் கிண்டுவார் என்றேன். "அல்வா வேற, களி வேற" என்றாள். அவளுக்கு எத்தனை பிள்ளைகள், யாரிடம் இருக்கிறார்கள் என்று இன்றுதான் கேட்டேன். இத்தனை நாள் கேட்கவில்லை. இருவர். அவள் அண்ணனிடம். பார்த்து ஏழு வருஷம்.

அவள் சொல்லச் சொல்ல அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 9

மாமாவிடமிருந்து கடிதம். சென்சார் ஓர் எழுத்தைக்கூட அடிக்கவில்லை. அடிக்க ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பார். லூர்து அக்காவுக்கும் பச்சையம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பகுதியை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். அதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்:

"குழந்தை சௌக்கியம். உடம்பு தேறியிருக்கிறாள். ஆறாம் நாள் வரை ராத்திரியில் உன்னைத் தேடினாள். இப்போது போட்டோவைத் தேடுகிறாள். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் வாசலில் போய்க் குந்திவிடுகிறாள். நீ சொன்னபடி தலையைத் தொட்டு எண்ணுகிறேன். முந்தாநாள் என் வேஷ்டியைப் பிடித்திழுத்து என்னையும் உட்காரச் சொன்னாள். முழங்கால் வலியோடு அவள் பக்கத்தில் குந்தினேன். அந்த நேரம் பார்த்துக் கலெக்டர் ஆபீஸ் டவாலிச் சேவகன் ஒரு தபாலோடு வந்து நின்றுவிட்டான். தெருவில் போகிறவர்களும் நின்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. குழந்தை இன்னும் என்னை எண்ணவில்லை."